மாத்திரை வாசலுக்கு வருகிறது, டோஸை மாற்ற யார் வருவார்?

கரிசல்காட்டான்:
2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024இல் ஐ.நா. விருதே வாங்கிவிட்டது, சந்தோஷம். ஆனால் எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை தவறாமல் வருகிறது, தன்னார்வலர் வந்து அளந்து நோட்டில் எழுதுகிறார். 160, 164, 170 என்று எழுதிக்கொண்டே இருக்கிறார், மாத்திரை மட்டும் அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம். கேட்டால் "பி.எச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டரப் பாருங்க" என்கிறார். அங்கே போகத்தானே முடியவில்லை என்று வீடு தேடி வந்தீர்கள்? இது மருத்துவமா, தபால் பட்டுவாடாவா?

வைகைக்கரை:
தபால் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். பி.பி., சுகர் மாதிரி நோய்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று பார்க்கும் தமிழக அரசின் ஸ்டெப்ஸ் ஆய்வில் 2020இல் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரைக்கு 10.8. அடுத்து 2023-24இல் எடுத்தபோது 17, 16.7. பி.எச்.சி. அப்போதும் இருந்தது, மருந்தும் இலவசம்தான், பிறகு ஏன் 7.3? கூலிக்குப் போகிறவர் மாத்திரை வாங்க ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், இரண்டு மாதம் வாங்குவார், "உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே" என்று மூன்றாம் மாதம் விட்டுவிடுவார், அப்புறம் பக்கவாதம் வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போவார். இதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

கரிசல்காட்டான்:
7.3 பதினேழானது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், நூற்றுக்கு 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அதில் மாத்திரை கைக்கு வந்தும் இறங்காதவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன், மாத்திரையே கிடைக்காதவர்களைப் பற்றி இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள். நீங்கள் இருவரும் மாத்திரையிலேயே நிற்கிறீர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்), 30,000 பேருக்கு ஒரு பி.எச்.சி. என்ற கணக்கு தாய் சேய் நலத்தை மனதில் வைத்துப் போட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, மீதி நாள் வீட்டுக்கு வீடு. அந்த வேலையை நாங்கள் ஒழுங்காகச் செய்ததால்தான் இன்று வீட்டில் பிரசவம் என்ற பேச்சே இல்லை. இப்போது ஊரில் குழந்தை குறைவு, 2019-21 குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்தின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 1.8தான், ஆனால் வீட்டுக்கு ஒருவருக்கு சுகர். ஆட்கணக்கை மாற்றாமல் வேலையை மட்டும் மாற்றினார்கள். நர்ஸ் கம்ப்யூட்டரில் பதிவு போட உட்கார்ந்துவிட்டாள், அவள் போக வேண்டிய வீட்டுக்கு ஊக்கத்தொகையில் மகளிர் குழுப் பெண் போகிறாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, டோஸை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை.

கரிசல்காட்டான்:
அவரைக் குறை சொல்லவே இல்லை அம்மா. இந்த வெயிலில் அவர் நடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

தேனிப்பக்கம்:
இன்னொன்று இருக்கிறது, யாரும் பேசவில்லை. தன்னார்வலர் நம் ஊர்க்காரர், சொந்தக்காரராகக்கூட இருப்பார். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் பெண்ணுக்கு சுகர் என்று அவர் நோட்டில் ஏறினால் என்ன ஆகும்? என் சித்தி இதற்காகவே 20 கிலோமீட்டர் தள்ளிப் போய் தனியாரிடம் காசு கொடுத்து மருந்து வாங்குகிறார்.

ஓ.பி. டாக்டர்:
பி.எச்.சி.யில் வேலை பார்க்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் அழுத்தம் இறங்கவில்லை என்றால் டோஸைக் கூட்டு, இல்லை டெல்மிசார்டன் மாதிரி இன்னொன்றைச் சேர், நெறிமுறை தெளிவாகத்தான் இருக்கிறது. நோட்டில் எழுதிய 170 என் மேஜைக்கு வருவதில்லை, அதுதான் சிக்கல். காலை ஓ.பி.யில் (வெளிநோயாளிகள் பிரிவு) காய்ச்சல், நாய்க்கடி, கர்ப்பிணி எல்லோரையும் பார்த்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கொடுக்க 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் 14 மாத்திரை தயாராக வைத்திருக்கிறோம், உயிர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த நெஞ்சுவலி வராமல் இருக்க அஞ்சு வருஷம் முன்னாலேயே டோஸ் மாறியிருக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். நகரத்தில் 2023இல் ஒரே நாளில் 500 நலவாழ்வு மையம் திறந்தார்கள், காலை 8 முதல் 12, சாயங்காலம் 4 முதல் 8. வேலை முடிந்து வருகிறவன் போய்ப் பார்க்கலாம். கேரளத்தில் ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப சுகாதார மையங்களில் மாலை 6 வரை ஓ.பி. உண்டு. கிராமத்து பி.எச்.சி.க்கு மட்டும் ஏன் சாயங்கால ஓ.பி. கூடாது? காட்டு வேலைக்குப் போகிறவனுக்குச் சாயங்காலம் வராதா?

வைகைக்கரை:
கேட்க நன்றாக இருக்கிறது. இருட்டின பிறகு பஸ் இல்லாத ஊரில் டாக்டர் எங்கே தங்குவார்? படுக்கையில் கிடக்கும் பாட்டி சாயங்காலம் மட்டும் எழுந்து வந்துவிடுவாரா? அதைவிட, அளவு 160 தாண்டினால் தன்னார்வலர் அன்றே சப் சென்டர் நர்ஸிடம் சொல்ல வேண்டும், நர்ஸ் இ-சஞ்சீவனி என்ற அரசின் ஆன்லைன் மருத்துவ சேவையில் வீடியோவில் டாக்டரைப் பிடித்து மருந்தை மாற்றி வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். கட்டடமும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
எங்கள் சப் சென்டரில் சிக்னல் வேண்டுமென்றால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். இருந்தாலும் யோசனை சரிதான், நர்ஸின் பதிவு வேலையில் பாதியை வேறு ஆளிடம் கொடுத்தால்.

கரிசல்காட்டான்:
வீடியோவில் கால் புண்ணை எப்படிப் பார்ப்பார்கள்? சுகர்காரருக்கு மாத்திரை மட்டும் போதாது, கண், கால், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். சாயங்கால ஓ.பி. வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும், இதிலிருந்து நான் இறங்கமாட்டேன்.

வைகைக்கரை:
இறங்க வேண்டாம், கேளுங்கள், நானும் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கான பணத்தைத் தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையில் கை வைத்து எடுத்தால் முதலில் எதிர்ப்பது நான்தான்.