விரும்பும் குழந்தை எண்ணிக்கையும் கருத்தடைப் பயன்பாடும்: ஆய்வேட்டுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் விரும்பும் குழந்தைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் மாறுவதற்கும் கருத்தடைப் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பை என் முதுநிலை ஆய்வேட்டுக்காக ஆராய்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை) 2.0, பெண்கள் விரும்பிய அளவோ 1.6தான். ஆனால் அந்த ஆய்வு ஒரு பெண்ணை ஒருமுறை மட்டுமே சந்திப்பதால், மூன்று குழந்தைகளைப் பெற்றவர் பிற்பாடு மனத்தைத் தேற்றிக்கொண்டு 'மூன்றுதான் விரும்பினேன்' என்று சொல்வதைப் பிரித்தறிய இயலவில்லை. அதே ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களுடைய மனம் பின்னர் மாறினாலும் பயன்பாட்டுக் கணக்கு மாறாது என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. எனவே, 2004-05இலும் 2011-12இலும் அதே குடும்பங்களைச் சந்தித்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் தரவுகளைக் கையாண்டவர்கள், இரு சுற்றுகளிலும் ஒரே பெண்ணின் விடைகளை இணைக்கும் முறையையும், அறுவை செய்துகொண்டவர்களைத் தனியே பிரிப்பது சரியா என்பதையும் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன்.