புதுப்பிப்பு: பேஸ் ஆம்ப்பில் கரகரப்பில்லாத சத்தம் வந்துவிட்டது

என் 100 வாட் பேஸ் கிட்டார் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) டிரம்ஸுக்கு நடுவில் கேட்கவே மாட்டேன் என்கிறது, வால்யூமைக் கூட்டினால் கரகரக்கிறது, குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

200 வாட் ஆம்ப் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்!

காசில்லாமல் கிடைத்த பலன்தான் பெரிது. ஈ கம்பியின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆம்ப்பில் அடி ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழை ஏற்றி வைத்தால் ஆம்ப்பின் சக்தி பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடுகிறது. அதை நடுவுக்கும் கீழே இறக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட்ஸை (நடு ஒலிகளை) கொஞ்சம் ஏற்றினேன். தனியாக வாசித்தால் ஒலி மெலிந்துதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுகிறது. கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறிக் கரகரப்பதைக் காட்டுவது) எரியாத அளவுக்கு கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலின் அளவைக் குறைத்து, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரைக் கூட்டினேன்.

அப்புறம், பழைய 8 ஓம் கேபினட் (தனி ஸ்பீக்கர் பெட்டி) ஒன்று வாங்கினேன். காம்போவின் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் 8 ஓம் என்பதால், பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்து 4 ஓம். என் டிரான்சிஸ்டர் ஆம்ப் தாங்கும் கீழ் எல்லையும் அதுதான். ஓம் குறைவதால் வாட்டும் கூடி, ஸ்பீக்கர் கூம்புப் பரப்பும் கூடுவதால் 6 டெசிபல் வரை ஏறலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் மேல் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உங்கள் காம்போவில் ஏற்கெனவே 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், ஆம்ப் சூடாகிப் போய்விடும். இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும், கிட்டார் கேபிள் கூடாது.

அடுத்து, மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் பெடல் ஒன்று பார்க்கிறேன்.