பழைய வீட்டின் மேல் மாடி எடுத்தவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் தந்தையார் 1994இல் கட்டிய வீட்டின் மேல் மாடி எடுப்பதென்று முடிவானதும், வீட்டில் எல்லோரும் பேசியது மேலே எத்தனை அறைகள் வேண்டும் என்பதைப் பற்றித்தான். பார்க்க வந்த மேஸ்திரி சுவரைக் கையால் தட்டிவிட்டு, "ஒன்பது இஞ்ச் சுவர்தானே சார், தாராளமாகத் தாங்கும்" என்றார். எங்கள் வீடு பில்லர் இல்லாதது. பாரம் முழுவதையும் சுவர்களே சுமக்கின்றன. ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று தந்தையார் சொன்னார்.

அந்தப் பொறியாளர் மேலே ஏறவே இல்லை. வெளிச்சுவரை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டச் சொல்லி, கருங்கல் கடைக்கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அடியில் எவ்வளவு அகலம் பரவியிருக்கிறது, அது எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு கான்கிரீட்டின் உறுதியை அறிய, கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியல் போன்ற ஒரு கருவியால் ஆங்காங்கே அழுத்திப் பார்த்தார். குளியலறைக் கூரையில் பூச்சு உப்பியிருந்த இடத்தைக் கொத்தியபோது உள்ளே கம்பி துருவேறி, செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தப் பகுதியைச் செப்பனிடாமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எங்கள் திட்டம் முழுவதையும் மாற்றியது. கீழ்த்தள வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, ஒன்பது அங்குலச் சுவர்களை மட்டும் சிவப்பு மையால் வரைந்து, மாடியின் கனமான சுவர்கள் அந்தக் கோடுகளின் மேல்தான் எழும்ப வேண்டும் என்றார். நாங்கள் மனத்தில் வைத்திருந்த பெரிய கூடத்தின் ஒரு சுவர், கீழே பூஜை அறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நாலரை அங்குலத் தடுப்பின் மேல் விழுந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழும்பினால், பூச்சையும் சேர்த்து ஓரடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல் பாரம் இறங்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது என் மனைவியே கூடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சுவர்களுக்குச் செங்கல்லுக்குப் பதிலாக அதன் மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள, உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ஏஏசி கான்கிரீட் கற்களைப் பயன்படுத்தினோம். கொத்தனார்களுக்கு அந்தக் கல் பிடிக்கவில்லை. ஆணி நிற்காது என்று கடைசி வரை முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு; கனமான அலமாரிகளை மாட்டுவதற்கு அந்தக் கல்லுக்கென்றே உள்ள பிடிப்புகளை வாங்க வேண்டியிருந்தது.

மொட்டைமாடியில் மழைநீர் இறங்காமலிருக்கப் பதித்த தட்டோடுகளும் அவற்றின் அடியில் சுண்ணாம்பு ஜல்லியும் இருந்தன. அவற்றை உடைத்து இறக்கினால் சதுர அடிக்கு ஏறத்தாழ 15 கிலோ குறையும் என்பதால் இறக்கியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் உடைத்த நாள் முதல் புதிய தளம் போட்டு முடிக்கும் வரை, கீழே குடியிருப்பவர்களுக்கு மழையிலிருந்து பாதுகாப்பு இருக்காது. ஆதலால் தை மாதம் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு வெகு முன்பே கான்கிரீட் போட்டு முடிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். பழைய தளத்தில், குளியலறைக் குழாய்களைத் தரைக்கடியில் புதைப்பதற்கான பள்ளம் கிடையாது. எனவே மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வைத்து, அதன் தரையை ஒரு படி உயர்த்தி, குழாய்களை வெளிச்சுவர் வழியாக இறக்கினோம். அந்தப் படியில் என் தாயார் இடறிக்கொள்வாரோ என்ற கவலை இருந்ததால், வாசலருகே கைப்பிடிக் கம்பி ஒன்றையும் பொருத்தியிருக்கிறோம்.

கோவில்பட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

திருச்சி நண்பர் குழி தோண்டிப் பார்த்ததைப் படித்ததும் எங்கள் வீட்டு நிலைமையையும் எழுதத் தோன்றியது. எங்களுடையது கரிசல் மண். மழையில் ஊதி, கோடையில் சுருங்கும் அந்த மண்ணின் மேல் அதிக ஆழமில்லாத கடைக்காலில் நிற்கும் வீடு என்பதால், ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் விரிசல்கள் சித்திரையில் விரிந்து, மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். இந்தச் சுவர்களின் மேல் மாடி வேண்டாம் என்று பொறியாளர் திட்டவட்டமாகக் கூறினார். நாங்களும் மாடியை விட்டுவிட்டு, பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில் இரண்டு அறைகள் சேர்த்தோம். புதிய பகுதிக்கு, அடியில் குமிழ் போல அகன்ற பைல் அடித்தளம் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்கள்) தனியாகப் போட்டோம். பழைய சுவரோடு அதைப் பிணைக்காமல், நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை நெகிழ்வுள்ள பொருளால் நிரப்பி, மேலே தகடு மூடியிருக்கிறோம். பார்ப்பதற்கு அழகாக இல்லைதான். இரண்டு பகுதிகளும் அவற்றின் போக்கில் அசைந்துகொள்ள அந்த இடைவெளி தேவை.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் சுவரையும் மண்ணையும் பற்றி எழுதிவிட்டீர்கள். எங்களுக்குச் சிக்கல் பத்திரத்தில் இருந்தது. மனை மாமனார் பெயரில் இருக்க, வீட்டுக் கடன் என் கணவர் பெயரில் வேண்டும் என்று வங்கிக்குப் போனபோது, மாமனாரும் கையெழுத்திடாமல் கடன் கிடைக்காது என்றார்கள். அதைவிடப் பெரிய கேள்வியை வழக்கறிஞர்தான் எழுப்பினார். மாமனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து இது. அவர் உயில் எழுதாமல் காலமானால் மாமியார், மகன், மகள் மூவருக்கும் சம பங்கு வரும். மாடியை யார் பணத்தில் கட்டினார்கள் என்பதால் மட்டும் அந்தப் பங்கு மாறிவிடாது என்று விளக்கினார்.

நாத்தனாரை ஊரிலிருந்து வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் பேசினோம். மனையில் பிரிக்கப்படாத பாதிப் பங்கையும் மேல்தளம் கட்டிக்கொள்ளும் உரிமையையும் மாமனார் என் கணவருக்கு, பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்தார். குடும்பத்துக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரத்துக்கு, 2023 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி, முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். கீழ்த்தளம் பிற்காலத்தில் யாருக்குப் போகும் என்பதை மாமனார் உயிலாக எழுதிவைத்தார்.

பத்திரத்தில் வெளிப் படிக்கட்டு, முன்வாசல் நடைபாதை, கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், செப்டிக் டேங்க் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இரு தளத்தாருக்கும் பொது என்று சேர்க்கச் சொன்னவர் நாத்தனார்தான். அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுக்காரரின் பூட்டிய அறைக்குள் இருக்கிறதாம்.