'ஒத்சுகரேசமா' யாரிடம் சொல்லலாம்? ஜப்பானில் வேலை செய்பவர்கள் உதவுங்கள்

கவாசாகியில் 8 மாதமாக வேலை. சம்பளம் தருவது ஒரு நிறுவனம், தினமும் உட்காருவது வாடிக்கையாளரின் அலுவலகத்தில். சிக்கல் அங்கேதான். வராந்தாவில் யாராவது எதிரே வந்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் 'ஒத்சுகரேசமா தெஸ்' என்பதைப் பிரித்துப் பார்த்தேன். 'த்சுகரே' என்றால் களைப்பு. முன்னால் 'ஒ', பின்னால் 'சமா', இரண்டும் மரியாதைக்கு. அதன் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) எழுத்திலேயே நோயைக் குறிக்கும் பகுதி இருக்கிறது! காலை 9 மணிக்கு, காபிகூடக் குடிக்காதவரிடம் களைப்பைப் பற்றி என்ன பேச்சு என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, உடன் உழைப்பவருக்குச் சொல்லும் வணக்கம் மாதிரி அது தேய்ந்துவிட்டது என்று.

'கொகுரோசமா' ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். துன்பம், உழைப்பு என்று இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வதாம் அது. சக ஊழியர் ஓரமாக அழைத்துத் திருத்தினார். அடுத்து, வெளியாருக்கான 'ஒசெவா நி நத்தே ஒரிமஸ்'. 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்பது போல, அலுவலக மின்னஞ்சலின் தொடக்கத்தில் எழுதுவது. ஒரே அறையில் நாளுக்குப் பத்து தடவை பார்ப்பவரிடம் அதைச் சொன்னால் மின்னஞ்சலை வாசித்துக் காட்டுவது போல இருக்கிறது. அவர்களும் விழிக்கிறார்கள். என் பாடப்புத்தகம் நம்மவர், வெளியார் என்று கோடு போடுவதோடு சரி.

வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யும் நான், அந்த நிறுவனத்தின் மேலாளரை வராந்தாவில் பார்த்தால் 'ஒத்சுகரேசமா தெஸ்' சொல்லலாமா?