வைல்டுகார்டுக்கு ‘ஆகுகுறி’

நண்பர்களுக்கு வணக்கம்.

கோப்பின் முழுப் பெயரையும் தட்டாமல் தேட உதவும் * , ? ஆகிய குறிகளை ஆங்கிலத்தில் வைல்டுகார்டு என்பார்கள். அவற்றுக்குத் தமிழில் பொதுப்பெயராக ‘ஆகுகுறி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

வைல்டுகார்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘காட்டு அட்டை’ வேண்டாம். சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டின் இடத்திலும் வைக்கத்தக்க சீட்டுக்கு வழங்கிய பெயர்தான் கணினிக்கு வந்தது. காட்டுக்கு அதில் வேலையே இல்லை. ‘பதிலிக்குறி’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பதிலி என்றதும் இன்னாருக்குப் பதில் இன்னார் என்ற உறுதி வந்துவிடுகிறது. இங்கே எதற்குப் பதில் என்பது தேடி முடிக்கும்வரை தெரியாது.

குறி உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1971-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே இந்த வேலைக்கென்று ‘குளோப்’ என்ற தனி நிரல் இருந்தது. பிற்பாடு, நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லே அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ‘அறிக்கை*’ என்று தட்டினால், ஷெல் அடைவிலுள்ள (கோப்புறையிலுள்ள) பெயர்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் முழுப் பெயர்களை அங்கே இட்ட பிறகே கட்டளையிடம் கொடுக்கிறது. பொருத்தம் கிடைத்துவிட்டால், நகலெடுக்கும் கட்டளையின் கண்ணில் உடுக்குறி (*) படுவதே இல்லை. குறி பெயராகவே ஆகிவிடுகிறது. ‘ஊர் சிரித்தது’ என்பதில் ஊர் ஊராருக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகுபெயரில் இரண்டுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும், இங்கே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் எடுத்துக்கொள்வது ‘ஆகு’ என்ற வினையை மட்டும். வினைத்தொகை என்பதால் ‘ஆகுக்குறி’ என்று ஒற்று மிகாது.

உட்பிரிவுகளில்தான் கவனம் தேவை. உடுக்குறியைப் ‘பல்லெழுத்து ஆகுகுறி’ என்று சொல்ல முடியாது. ‘அறிக்கை*’ வெறும் ‘அறிக்கை’ என்ற கோப்பையும் பிடிக்கும். எதுவும் இல்லாத இடத்துக்கும் அது ஆகும். எனவே ‘விரி ஆகுகுறி’ என்கிறேன்.

கேள்விக்குறியை ‘ஓரெழுத்து ஆகுகுறி’ என்றால் தமிழர்களையே தவறாக வழிநடத்துவோம். ‘அ?வு’ என்று யூனிக்கோடு முறையில் தேடினால் ‘அளவு’ கிடைக்கும், ‘அறிவு’ கிடைக்காது. இரண்டும் நமக்கு மூன்றெழுத்துச் சொற்கள். யூனிக்கோடிலோ ‘ள’ ஒரே வரியுரு, அதாவது கணினி ஒன்றாக எண்ணும் குறி. ‘றி’ என்பது றகரமும் இகரக் குறியுமாக இரண்டு. அறிவைப் பிடிக்க ‘அ??வு’ என்று தட்ட வேண்டும். ‘ஸ்ரீ’ என்ற ஓர் எழுத்துக்கு நான்கு கேள்விக்குறிகள் வேண்டும். கலைச்சொல்லில் ‘எழுத்து’ இருந்தால், தேடல் பழுதாகிவிட்டது என்றே பயனர் நினைப்பார். ‘ஒற்றை ஆகுகுறி’ போதும். ‘ஒரு வரியுருவுக்கு ஆவது’ என்று விளக்கத்தில் எழுதலாம்.

வடிவத்தைப் பெயரில் சேர்க்காததில் இன்னொரு நன்மையும் உண்டு. எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இதே வேலையை % குறியும் அடிக்கோடும் செய்கின்றன. அவையும் ஆகுகுறிகளே. மாறாக, உரையில் எழுத்து அமைப்புகளைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் உடுக்குறி தனக்கு முன்னுள்ளதைத் திரும்ப வரச் சொல்கிறது. அது ஆகுகுறி அன்று. அங்கே புள்ளிதான் ஆகுகுறி. மொழிபெயர்ப்போர் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

குறியின் இடத்தில் பெயர்களை இட ஷெல் செய்யும் அந்த வேலைக்கு ‘ஆகுகுறி விரிப்பு’ என்பது பொருந்துமா? ‘விரி ஆகுகுறி’யோடு குழம்பும் என்று தோன்றினால் வேறு வினை சொல்லுங்கள்.