ஜிக்பீ கதவு சென்சார் அடிக்கடி ஆஃப்லைன்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் ஸ்மார்ட் ஹோம் அமைப்பு: ராஸ்பெர்ரி பை 4 (சிறு கணினி), யுஎஸ்பி ஜிக்பீ டாங்கிள் (ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் கருவிகளோடு பேசும் குச்சி), ஜிக்பீ2எம்க்யூடிடி (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்). மொத்தம் 14 கருவிகளில் இரண்டு கதவு சென்சார்கள் மட்டும் ஓரிரு நாளில் ஆஃப்லைன் ஆகிவிடுகின்றன. பேட்டரி புதிது.

டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து கறுப்பு 2.0 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தாயிற்று. யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் ஜிக்பீ இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும், யாராக இருந்தாலும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். வைஃபை சேனல் 1, ஜிக்பீ சேனல் 25. மோதல் இல்லை.

சந்தேகம் ஹால் ஸ்மார்ட் பல்பின் மேல்தான். நெட்வொர்க் மேப்பில் இரண்டு சென்சாரும் அதையே ரவுட்டராக (சிக்னலை டாங்கிளுக்குக் கடத்தும் இடைக் கருவியாக) பிடித்திருக்கின்றன. இரவில் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரம் போய்விடும். சென்சார் வேறு ரவுட்டரைத் தேடுவதில்லை. காலையில் கதவு திறந்து கிடந்தாலும் திரையில் 'மூடியுள்ளது' என்றே நிற்கிறது.

ஒரு ஸ்மார்ட் பிளக்கை நடுவில் வைத்து, அதன் வழியாக மட்டும் ஜாயின் அனுமதி (நெட்வொர்க்கில் சேரும் அனுமதி) கொடுத்து சென்சாரை மறுபடி இணைத்தால் அங்கேயே நிலைக்குமா, பல்புக்கே திரும்பத் தாவுமா? பல்பை ரவுட்டர் வேலையிலிருந்து விலக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் பிளக் மாடலோடு சொன்னால் பெரிய உதவி.