மாடி வெயில்ல எந்தப் பூக்கொடி நிக்கும்?

திருவொத்தியூர் வீடு, மேற்கு பார்த்த மாடி, மதியத்துக்கு மேல செவுரே சுடுது, போர் தண்ணி வேற உப்பு. முல்லை வெச்சதுல இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு. வேற என்ன ஏத்தலாம்?

— காகிதப்பூ வைங்கண்ணா. தண்ணி ஜாஸ்தி ஊத்துனா இலையா தள்ளும், பூக்காது. மண்ணு நல்லா காஞ்சப்புறம் ஊத்துங்க.

— அது முள்ளு, பசங்க இருந்தா வேணாம். ரங்கூன் மல்லி பெஸ்ட், சாயந்திரம் வெள்ளையா விரிஞ்சு அப்புறம் ரோஸாகி செவப்பாயிடும், ராத்திரி வாசனை சும்மா தூக்கும், ஆனா தொட்டி பெருசா வேணும், பந்தல் ஸ்ட்ராங்கா கட்டுங்க இல்லனா பக்கத்து வீட்டு டிஷ்ஷ புடிச்சிக்கும், அப்புறம் சண்டைதான்.

— சங்குப்பூ விதைய ராத்திரி ஊறப்போட்டு நடுங்க, சீக்கிரம் ஏறிடும். உப்புக்கு, மழைத்தண்ணி புடிச்சு வெச்சு தொட்டி அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்துங்க, கழுவிட்டு போயிடும்.